விருந்தாளிகளுக்கு நல்ல கள்ளு

அடிலெய்ட்
8 ஏப்ரல் 2025

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நான் சுகம். பெருநாளன்று வீடியோவில் உங்கள் எல்லோரையும் கண்டது மனத்துக்கு ஆறுதலாக இருந்தது. தங்கச்சி மர்ளியாவின் மூச்சு முட்டும் வருத்தம் இப்போது எப்படி? மகள் ஷம்லா இந்த வருடமும் ஆங்கிலப் பேச்சுப் போட்டிக்குப் போகிறாளா?

இதை வட்ஸ்அப்பில் எழுதாமல் ஈமெயிலில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் ஃபோன் எந்நேரமும் பிள்ளைகள் கையில். இது அவர்கள் கண்ணில் படக்கூடிய விசயம் இல்லை.

என்னோடு வேலை செய்யும் டேனியலும் அவனுடைய மனைவி ஹெலனும் ஜூலை இருபத்திரண்டாம் தேதி கண்டக்குழிக்கு வருகிறார்கள். பத்து நாள் உங்கள் லொட்ஜில்தான் தங்குவார்கள். பிடித்துப்போனால், அடுத்த வருடம் காற்றாடி கட்டிக் கடலில் சறுக்கும் அவர்களுடைய கைட் சேர்பிங் கூட்டம் முழுவதையும் டேனியல் கூட்டி வருவான். இருபது பேருக்குக் குறையாது.

இவர்கள் திராட்சை மது செய்யும் ஊர்க்காரர்கள். எந்த நாட்டுக்குப் போனாலும் அங்குள்ள குடிவகை எங்கே நன்றாக இருக்கும் என்று ஊராரிடம் கேட்டு, செய்கிற இடத்துக்கே போய் ருசி பார்ப்பார்கள். இங்கே வருகிறவர்களுக்கும் எந்தத் தோட்டத்தில் எது நல்லது என்று தாளில் எழுதிக் கொடுப்பது வழக்கம். டேனியலுக்குத் தென்னங்கள்ளு குடிக்க வேண்டுமாம். "உன் மச்சானிடம் கேட்டு நல்ல இடமாகச் சொல்" என்று நிற்கிறான். நான் பழம் பொதி செய்கிற பகுதியில் இருக்கிறவன், எனக்கு இதெல்லாம் தெரியாது என்று சொல்லியும் விடவில்லை. உங்களால் முடிந்தால் விசாரியுங்கள்.

வஸ்ஸலாம்.
ஸஜீத்


கண்டக்குழி
27 ஏப்ரல் 2025

அன்பு மச்சான் ஸஜீதுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். இங்கே எல்லோரும் சுகம், மர்ளியாவின் முட்டு மட்டும் காற்று மாறும்போது வந்து போகிறது. உன் கடிதத்தை வாசித்துவிட்டு மூன்று தரம் அஸ்தஃபிருல்லாஹ் சொன்னேன். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை பேர் இருக்கிற உலகத்தில், நல்ல கள்ளு எங்கே கிடைக்கும் என்று கேட்க உனக்கு ஆப்பிட்டது பள்ளிவாசல் நிர்வாக சபையில் இருக்கிற முத்தலிபுதானா?

இருந்தாலும் மாட்டேன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஈஸ்டர் குண்டு வெடித்த வருடத்திலிருந்து கொரோனா, டீசல் வரிசை என்று லொட்ஜின் ஆறு கபானாக் குடிலில் நாலு பூட்டித்தான் கிடந்தது. இந்த இருபது பேர் வந்தால் நான் தலை நிமிருவேன். தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு ஒரு பையோடு வந்து இறங்கிய குடும்பத்துக்கு நல்ல பெயர் ஒன்றுதானே சொத்து. என் லொட்ஜில் அந்தச் சாமானை வைக்கமாட்டேன், ஆனால் விருந்தாளி வழி கேட்டால் வழி காட்டத்தான் வேண்டும்.

எங்கள் படகோட்டி றொபியிடம் மெதுவாகக் கேட்டேன். அவன் கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டான்.

"முதலாளி, ஒங்களுக்கா?"

"அட, எனக்கில்ல. வெள்ளக்காரனுக்கு."

"அப்ப மாரவில பக்கம் போங்க. அங்க கள்ளுத் தவறணையில கேளுங்க. நான் இப்ப தொடுறல்ல முதலாளி, என்னக் கூட்டிப்போகச் சொல்லாதீங்க."

சரி, நானே தொப்பியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு போய்ப் பார்க்கிறேன். மர்ளியாவிடம் மூச்சு விட்டுவிடாதே.

உன் துஆவை எதிர்பார்க்கும்,
முத்தலிபு


அடிலெய்ட்
29 ஏப்ரல் 2025

அன்புள்ள மச்சானுக்கு,

ஸலாம். சுகம், சுகமறிய ஆவல். உங்கள் கடிதத்தை வாசித்து நானும் தனியே இருந்து சிரித்தேன். தொப்பியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு தவறணை வாசலில் நீங்கள் நிற்பதை நினைத்தால் பாவமாகவும் இருக்கிறது. ஒரு இடம் போதும், நல்ல இடமாக இருந்தால் சரி. பழம் பறித்து முடிந்தும் எங்களுக்கு வேலை குறையவில்லை.

ஸஜீத்


கண்டக்குழி
25 மே 2025

அன்பு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ நலமாக இருக்கவேண்டும் என்று தினமும் கேட்கிறேன். பதில் பிந்திவிட்டது, காற்று தொடங்கிவிட்டதால் கபானாக் கூரைகளுக்குக் கிடுகு மாற்றிக்கொண்டிருந்தேன்.

போனேன் மச்சான். முதலில் றொபி சொன்ன தவறணைக்கு. அல்லாஹ் காப்பாற்றட்டும்! வாசலிலேயே புளித்த வாடை. பெரிய பீப்பாவுக்குள் வெள்ளையாக என்னவோ நுரைத்துக்கொண்டிருக்கிறது, மேலே தேனீயும் எறும்பும் செத்து மிதக்கின்றன. அதை ஒருவன் வடிதட்டால் அள்ளி எறிந்துவிட்டு, அப்படியே கோப்பையில் ஊற்றுகிறான். குடிக்கிறவர்கள் ஒருவன் தோளில் ஒருவன் விழுந்து பாட்டு. இதையா உன் டேனியலுக்குக் கொடுப்பது? எங்கள் வீட்டில் பூனைக்குக்கூட வைக்கமாட்டோம்.

திரும்பி வரும்போது பாலாவிச் சந்தியில் தேத்தண்ணிக் கடையில் லொறிக்கார பதுர்தீனைக் கண்டேன். அவனுக்குத் தெரியாத இடமில்லை. "நானா, மரியாதையான ஆக்கள் போற இடம் வேற ஒண்டு இரிக்கி" என்று வழி சொன்னான். அடுத்த கிழமை போனேன். சிலாபத்துக்கு அப்பால் ஒரு தென்னந்தோட்டத்துக்குள் வீடு. பெருக்கிய முற்றம், சத்தம் சந்தடி இல்லை. வெள்ளைச் சாரம் உடுத்த ஒரு மனிதர் கதிரை போட்டு இருத்தினார்.

"மாத்தயா, இது சுத்தம் பண்ணின கள்ளு. பத்துப் போத்தல்ல ஒரு போத்தல்தான் வரும். வெளிநாட்டு ஆக்களுக்கு நாங்க இதத்தான் குடுக்கிறது" என்றார்.

கண்ணாடிப் போத்தலில் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். என்ன தெளிவு மச்சான்! தொழுகைக்கு வுழூச் செய்யலாம் போல. ஒரு நுரையில்லை, ஒரு தூசியில்லை. ஒரு போத்தல் மாதிரிக்கு வாங்கி வந்து படகில் லைஃப் ஜக்கட்டுகளுக்குக் கீழே மறைத்து வைத்திருக்கிறேன். உன் கூட்டாளிக்கு நான் சிபாரிசு செய்வது இந்த இடத்தைத்தான். எழுதிக் கொடு.

முத்தலிபு


அடிலெய்ட்
26 மே 2025

மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் சுகமென்று நம்புகிறேன். உங்கள் கடிதம் கிடைத்த உடனே எழுதுகிறேன்.

தெளிவாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே இலங்கைக்குப் போய்வந்த ஒரு கூட்டாளி இருக்கிறான். அவன் சொல்கிறான், கள்ளு பால் மாதிரி வெளுத்து, நுரைத்து, புளித்த வாடையோடுதான் இருக்குமாம். தேனீ விழுந்து கிடந்தால் அதில் பயமில்லையாம். தெளிவாக இருப்பது கள்ளே இல்லையாம், காய்ச்சி வடித்த வேறொரு சாமானாம். அதைச் செய்கிறவன் கையில் ஏதோ ஒரு பிழை நடக்கலாமாம். என்ன பிழை என்று அவனுக்குச் சரியாக நினைவில்லை.

டேனியலுக்குத் தவறணையே போதும். உங்களுக்கு அருவருப்பாக இருந்தாலும் அந்த இடத்தையே சொல்லிவிடுங்கள்.

ஸஜீத்


கண்டக்குழி
15 ஜூன் 2025

அன்பு மச்சானுக்கு,

ஸலாம். ஹஜ்ஜுப் பெருநாள் நல்லபடி போனது, குர்பான் இறைச்சி பங்கிட்டோம். நீ எப்படிக் கொண்டாடினாய்?

உன் கூட்டாளி கள்ளுக்குப் பட்டம் வாங்கியவன் போல இருக்கிறது. நிறம் தெரிகிறது, வாடை தெரிகிறது, தேனீ விழுந்தால் நல்லதா கெட்டதா என்பதுவரை தெரிகிறது. மச்சான், உண்மையைச் சொல்லு, அந்தக் கூட்டாளியின் பெயர் ஸஜீத் இல்லையே?

பகிடிக்குத்தான் கேட்கிறேன். பகிடி இல்லையென்றால் அது சிரிக்கிற விசயமுமில்லை. போன மாதம் இங்கே ஒரு மாப்பிள்ளை டுபாயில் பார் ஒன்றில் கோப்பை எடுத்துக் கொடுக்கிறான் என்று தெரியவந்தது. பெண் வீட்டார் என்னிடம் வந்து கேட்டார்கள். நான்தான் அந்தக் கலியாணத்தை நிறுத்தச் சொன்னேன். குடிக்கவில்லை, எடுத்துத்தான் கொடுத்தேன் என்று அந்தப் பிள்ளை அழுதான். கொடுப்பவனுக்கும் அதே பாவம்தானே. சபையில் இருக்கிறவன் ஆள் பார்த்துக் கதைக்க ஏலாது.

தவறணைக்கு நான் யாரையும் அனுப்பமாட்டேன். செத்த தேனீயைக் குடிக்கக் கொடுத்தவன் என்று அந்த வெள்ளைக்காரன் காலத்துக்கும் சொல்வான்.

முத்தலிபு


அடிலெய்ட்
1 ஜூலை 2025

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். உடனே எழுத முடியவில்லை, வேலை கூட.

கூட்டாளி என்று நான் எழுதியது ஒரு ஒல்லாந்துக்காரனை. எனக்கும் இந்த விசயத்துக்கும் என்ன சம்பந்தம்? அவன் சொன்னதைச் சொன்னேன், அவ்வளவுதான். நீங்கள் நேரில் கண்டவர். உங்களுக்குச் சரியாகப் பட்டால் அந்த இடம் சரியாகத்தான் இருக்கும்.

ஒரேயொரு விசயம். டேனியல் வருவதற்கு முன்னர் யாராவது அதில் ஒரு வாய் ருசி பார்த்துவிட்டால் நல்லது. இந்த ஊர்த் தோட்டங்களிலும் விருந்தாளிக்கு ஊற்றுவதற்கு முன் வீட்டுக்காரன் கொஞ்சம் குடித்துப் பார்ப்பதுதான் முறை. தூரத்தில் நின்று கண்டிருக்கிறேன். றொபியிடம் கேட்டுப் பாருங்கள், அவனுக்குத் தெரியும்.

மர்ளியாவுக்கும் பிள்ளைகளுக்கும் ஸலாம்.

ஸஜீத்


கண்டக்குழி
9 ஜூலை 2025

அன்பு மச்சானுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நாங்கள் சுகம். கபானாவுக்குப் புது நுளம்பு வலை, புது விரிப்பு எல்லாம் போட்டாகிவிட்டது.

நீ சொன்னபடி றொபியிடம் போத்தலைப் பையோடு கொண்டுபோனேன். அவன் பையைத் திறக்கவே விடவில்லை.

"முதலாளி, மணம் பட்டாலே நான் போயிருவன். போன வருசத் திருவிழாவுல தலவில அன்னம்மா கோயில்ல, இனிக் குடிக்கமாட்டன் எண்டு கையடிச்சுக் குடுத்திரிக்கன். பதினொரு மாசம் ஆச்சி. என்னக் கெடுத்துராதீங்க."

அதைக் கேட்டதும் எனக்கு வெட்கமாகிவிட்டது. இன்னொருவன் கடவுளுக்குக் கொடுத்த வாக்கை முறிக்க நான் யார்? ஊரில் வேறு யாரிடம் இதைக் காட்டுவது? காட்டினால் அன்றைக்கே பள்ளிவாசல் திண்ணைவரை கதை போய்விடும்.

உன் கடிதத்தில் ஒரு வரி என் மனத்தைவிட்டுப் போகவில்லை. விருந்தாளிக்கு ஊற்றுவதற்கு முன் வீட்டுக்காரன் குடித்துப் பார்ப்பானாமே. காஃபிர் நாட்டு வழக்கமென்றாலும் அது நம்முடைய முறைதான் மச்சான். உப்புப் பார்க்காமல் நான் ஒரு விருந்தாளிக்கும் கறி வைத்ததில்லை. நான் சொன்ன இடத்தில் குடித்து அந்தப் புருசனுக்கும் பெண்சாதிக்கும் ஒன்று நடந்தால், எனக்குத் தெரியாது என்று நாளைக்கு மறுமையில் சொல்ல முடியுமா?

ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். அதை எழுதமாட்டேன். தௌபாச் செய்தால் அல்லாஹ் மன்னிக்கக்கூடிய காரியம்தான். பதினெட்டாம் தேதி மர்ளியா பிள்ளைகளோடு கனமூலைக்குக் கலியாணத்துக்குப் போகிறாள்.

முத்தலிபு


அடிலெய்ட்
10 ஜூலை 2025

மச்சான்,

ஸலாம். என்ன முடிவு? எதுவாக இருந்தாலும் ஒரு கிழமை பொறுங்கள். டேனியலிடம் நானே பேசி, கள்ளு வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். காரணத்தைப் பிறகு ஆறுதலாகச் சொல்கிறேன். இதற்கு உடனே பதில் எழுதுங்கள்.

ஸஜீத்


அடிலெய்ட்
18 ஜூலை 2025

மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். எட்டு நாளாகப் பதில் இல்லை. நீங்கள் கிழமைக்கு ஒரு தரம்தான் ஈமெயில் பார்ப்பீர்கள் என்று தெரியும், ஆனாலும் இருக்கமுடியவில்லை.

இன்று காலை ஃபோன் எடுத்தேன். நீங்கள் படகடியில் நிற்பதாக மர்ளியா சொன்னாள். கலியாணத்துக்கு உடுத்திக்கொண்டிருந்தாள் போல, வளையல் சத்தம் கேட்டது. "என்ன நானா, காலங்காத்தால?" என்று கேட்டாள். "ஒண்டுமில்ல, சும்மா எடுத்தன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு என்மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. திரும்ப எடுத்தபோது அவள் பஸ்ஸில். இரைச்சலில் ஒன்றும் விளங்கவில்லை. உங்கள் ஃபோனோ மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.

இதைக் கண்டவுடன் எனக்கு எடுங்கள். எந்த நேரமென்றாலும் எடுங்கள்.

ஸஜீத்


கண்டக்குழி
14 ஆகஸ்ட் 2025

அன்புள்ள நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். இது உங்கள் மச்சானின் ஈமெயில்தான், எழுதுவது மர்ளியா. ஃபோனில் நீங்கள் அழுகிறீர்கள், நானும் அழுகிறேன், விசயம் ஒன்றும் கதைபடுவதில்லை. அதனால் ஒழுங்காக எழுதுகிறேன்.

அவர் உயிரோடு இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். இரண்டு கண்ணும் போய்விட்டது. இனி வராது என்று கொழும்பிலும் சொல்லிவிட்டார்கள்.

கலியாணத்துக்குப் போன அன்று நான் வீடு திரும்பும்போது அவர் படுத்திருந்தார். தலை இடிக்கிறது என்றார். காலையில் தின்ற மீன் ஒத்துக்கொள்ளவில்லையாம். மறுநாள் முழுக்க வாந்தி. பின்னேரம், "மர்ளியா, ஏன் எல்லாம் வெள்ளையாத் தெரியுது?" என்று கேட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டொக்டர் முதல் கேட்டதே, "ஐயா குடிச்சீங்களா?" என்றுதான். நான் பக்கத்தில் நின்றேன். அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பிவிட்டு, "இல்ல" என்றார்.

நானா, நான் அந்த டொக்டரை ஏசினேன். "இவர் பள்ளிச் சபைல இருக்கிற மனிசன், தொழுத நெத்தித் தழும்பு தெரியல்லயா, இவரப் பார்த்துக் கேக்கிற கேள்வியா இது?" என்று வார்டு முழுக்கக் கேட்கக் கத்தினேன். அந்த இளம் டொக்டர் மன்னிப்புக் கேட்டுவிட்டு, மீன் விஷத்துக்கு மருந்து கொடுத்தார். அப்படி ஒரு பகல் போனது. அடுத்த நாள் றொபி படகிலிருந்து அந்தப் போத்தலைக் கண்டெடுத்துக் கொண்டுவந்தான். மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. டொக்டரின் கையில் அதைக் கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்க முடியாமல் வெளியே போய்விட்டான். நேற்றே தெரிந்திருந்தால் கண்ணைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டொக்டர் சொன்னார். அந்த நேற்றை நான்தான் பாழாக்கினேன். அதை நான் சாகும்வரை சுமப்பேன்.

உங்கள் கூட்டாளி டேனியல் நல்ல மனிதர். தேதி தவறாமல் வந்தார், கடல் பக்கமே போகாமல் அவரும் மனைவியும் தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். ஒரு நாள் எனக்கு ஆறுதல் சொல்லும் நேரத்தில் உங்களைப் புகழ்ந்தார். ஷம்லாதான் எனக்குத் தமிழில் சொன்னாள். "ஸஜீத் வாயில் வைத்துச் சரி என்று சொன்னால்தான் எங்கள் கம்பனியில் போத்தலில் அடைப்போம், அவனைப் போல ருசி பார்க்கிறவன் அந்தப் பக்கத்திலேயே இல்லை" என்றார். நான் பிள்ளையை இரண்டாம் தரமும் சொல்லச் சொன்னேன். இரண்டாம் தரமும் அதையேதான் சொன்னாள்.

வீட்டுக்கு வந்தபிறகு அவர் உங்கள் கடிதங்களை வாசித்துக் காட்டச் சொன்னார். ஒன்றுவிடாமல் வாசித்தேன். ஒல்லாந்துக்காரக் கூட்டாளி வந்த இடத்தில் அவர் சிரித்தார். "பாவம், அவன் அப்பவே சொன்னான், நாந்தான் கேக்கல்ல" என்றார். அவர் உங்கள்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை நானா. எல்லாம் தன் பிழை என்றே இருக்கிறார்.

நீங்கள் சும்மா எடுத்தேன் என்று சொன்ன காலையில், அந்தப் போத்தலின் மூடி இன்னும் திறபட்டிருக்கவில்லை. அவர் குடித்தது நாங்கள் பஸ் ஏறிய பிறகுதான்.

டேனியல் சொன்னதை நான் அவருக்குச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். ஷம்லாவின் வாயையும் கட்டியிருக்கிறேன். அதைச் சொல்லவேண்டியவர் நீங்கள். எழுதினால் நான் வாசிக்கிறேன்.

உங்கள் தங்கச்சி,
மர்ளியா


அடிலெய்ட்
31 ஆகஸ்ட் 2025

அன்புள்ள முத்தலிபு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. பதினேழு நாளாக இதை எழுதி எழுதி அழித்தேன்.

ஒல்லாந்துக்காரன் என்று ஒருவனும் இல்லை. அது நான்தான். பழம் பொதி செய்வது முதல் வருடம் மட்டும் செய்த வேலை. ஆறு வருடமாக மதுவை ருசி பார்த்துச் சொல்வதுதான் எனக்குச் சம்பளம் தருகிற வேலை. வாயில் வைத்துத் துப்பிவிடுவோம். துப்புவதால் குடித்ததாகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உங்களிடம் சொன்னால் நீங்கள் அப்படி எடுக்கமாட்டீர்கள் என்று தெரியும். டுபாய்ப் பிள்ளையின் கதையை எழுதினீர்களே, அதை வாசித்துவிட்டு இரண்டு கிழமை உங்களுக்குப் பதில் எழுதப் பயந்தேன்.

தெளிவு என்று நீங்கள் எழுதிய அன்றே எனக்கு விளங்கிவிட்டது. அப்படி வடிக்கிறவர்கள் வீரியத்துக்காகத் தொழிற்சாலைகளில் பாவிக்கும் மெதனோல் என்ற நஞ்சுச் சாராயத்தைக் கலப்பார்கள், அது கண்ணை எடுக்கும், உயிரையும் எடுக்கும். மே மாதம் இருபத்தாறாம் தேதி இந்த வரியை எழுதினேன். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்களே என்று பயந்து, என்ன பிழை என்று நினைவில்லை என மாற்றி எழுதினேன். பிறகு நீங்கள் பகிடியாகக் கேட்டதும் இன்னும் பயந்து, அந்த இடம் சரியாகத்தான் இருக்கும் என்று எழுதினேன். அது விஷமாக இருக்கலாம் என்று தெரிந்துகொண்டேதான், யாராவது ஒரு வாய் ருசி பார்க்கட்டும் என்றும் எழுதினேன். றொபியின் பெயரையும் நானே எழுதிக் கொடுத்தேன். ஏழைப் படகோட்டி ஒருவனுக்கு நடந்தால் பரவாயில்லை என்று என் மனம் நினைத்திருக்கிறது. அவனுடைய நேர்ச்சை அவனைக் காப்பாற்றியது. வீட்டுக்காரன் முதலில் குடிப்பான் என்ற கதையைச் சொல்லி உங்களை மாட்டிவிட்டவன் நான்.

மர்ளியா, டொக்டரை ஏசியதற்காக நீ உன்னையே தின்னாதே. உனக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு எல்லாம் தெரியும், உன் குரல் என் காதுக்குள் இருந்த நேரத்திலும் தெரியும்.

செப்டம்பர் பன்னிரண்டுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். வேலையை விட்டுவிட்டேன். மச்சான் என்னை வீட்டுக்குள் எடுக்கமாட்டேன் என்றால் வாசலில் நின்று ஸலாம் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவேன்.

தங்கச்சி, என்மேல் இரக்கப்பட்டு எந்த இடத்தையும் தாண்டிவிடாதே. எல்லாவற்றையும் அவருக்கு வாசி.

ஸஜீத்